அய்யனாருக்கு ஒரு டச்சு வண்டி

என் வீட்டுக்காரர் திருநாவுக்கரசைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுத்தான். "அவரா? தங்கமான மனுஷன். வாயில வெரல வெச்சாலும் கடிக்கத் தெரியாது." கடிக்கத் தெரியாதாம்! வாயைத் திறந்தால்தானே கடிப்பதற்கு? கேட்ட கேள்விக்கு "ம்" என்பார். கேட்காத கேள்விக்கு அதுவும் கிடையாது. வாய் திறக்காதவரெல்லாம் தங்கம் என்றால், எங்கள் ஏரிக்கரையில் கிடக்கிற பாறாங்கல்தான் இந்த ஊரிலேயே பெரிய தங்கம். அந்த வாய்க்குள் இத்தனை வருஷமாக என்ன கிடந்து புழுங்கியது என்று எனக்குத் தெரிந்த அன்று நான் போட்ட சத்தம் புவனகிரி வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்போது அவர் சிதம்பரத்தில், பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். மாவை வீசிக் கல்லில் அடிக்கிற சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். அவர் வாழ்க்கையில் போட்ட ஒரே சத்தம் அதுதான். எங்கள் பெண் காயத்ரி நடை பழகுகிற வயது. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் அன்பரசு மாமா. என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கடலூரில் ஆபீஸ் போட்டு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"தா பாரு எழிலு, துபாய்ல பெரிய கேட்டரிங் கம்பெனி. ஏசி கிச்சன். சம்பளம் ஜாஸ்தி. ஒம் புருஷன் இங்க கல்லுகிட்ட நின்னு வெந்துனு கெடக்கணுமா?" என்றார்.

சொந்த மாமா சொல்கிறாரே என்று அனுப்பி வைத்தேன். போய் இறங்கி ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் "டம்" என்று ஒரு சத்தம். எனக்கே காது அடைத்தது.

"என்னங்க அது?"

"பக்கத்துல பில்டிங் வேலை."

அதற்கப்புறம் எப்போது பேசினாலும் பில்டிங் வேலைதான். ராத்திரியா, பகலா, வெள்ளிக்கிழமையா, கணக்கே இல்லை. துபாயில் அப்படி என்ன கட்டடம் கட்டுகிறார்கள், அடிக்கிற அடியில் கட்டினதும் சேர்ந்தல்லவா விழும் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு போன் நின்றுபோயிற்று. மாமாவைக் கேட்டால் "டவர் பிரச்சினை" என்றார்.

கடைசியில் உண்மையைச் சொன்னது லால்பேட்டைக்காரர் ஒருவர். அதே கம்பெனியில் துணி துவைக்கிற வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பிய சேதியோடு எங்கள் வீடு தேடி வந்தார்.

"நல்லா இருக்காரு தங்கச்சி. போன் லைனத்தான் கட் பண்ணி வெச்சிருக்காங்க. அங்க அடிக்கடி அப்டித்தான்."

"எங்கண்ணே? துபாய்லயா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஒங்களுக்குச் சொல்லலியா? அது ஆப்கானிஸ்தான்மா. உருஸ்கான்னு ஒரு எடம். ஹாலந்து நாட்டு ராணுவ கேம்ப். நாங்க அவுங்களுக்குச் சோறாக்கிப் போடுறவங்க, துணி தொவைக்கிறவங்க."

பில்டிங் வேலை என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த முகாமில் டச்சுக்காரர்கள் டேங்க் மாதிரியே சங்கிலிச் சக்கரத்தில் ஓடுகிற பெரிய பீரங்கி வைத்திருந்தார்களாம். மலைக்கு அந்தப் பக்கம் சண்டை நடந்தால் இங்கிருந்தே சுடுவார்களாம். சுட்டால் சமையற்கூடத்தில் தட்டு முட்டெல்லாம் ஆடுமாம். தலைக்கு மேலே எந்நேரமும் ஹெலிகாப்டர். எதிராளி பதிலுக்கு ராக்கெட் விடுவானாம். இத்தனைக்கும் நடுவில் நின்று எங்கள் வீட்டுத் தங்கம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

நேரே அன்பரசு மாமா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று கிழித்துத் தொங்கவிட்டேன். மனுஷன் அசையவில்லை. "கத்தாத எழிலு. வெளிய தெரிஞ்சா கவர்மெண்டு புடிச்சிக்கும். அப்புறம் ஒம் புருஷன் ஏர்போர்ட்லேர்ந்து நேரா ஜெயிலுக்குத்தான் போவான்" என்றார். படிப்பு இல்லாதவள், பயந்துவிட்டேன். ஊரைப் பொறுத்தவரை என் வீட்டுக்காரர் துபாய்க்காரர்தான்.

வேறு யாரிடம் போவது? ஏரிக்கரை அய்யனாரிடம் போனேன்.

எங்கள் அய்யனாரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டிக்கொண்டால் வாகனம் செய்து வைக்க வேண்டும். பழைய காலத்தில் எல்லாம் குதிரை. பிறகு வண்டி ஓட்டுகிறவர்கள் சிமெண்டில் லாரி செய்து வைத்தார்கள், டிராக்டர் வைத்தார்கள். ஒருவர் ஷேர் ஆட்டோ வைத்திருக்கிறார், மீட்டரோடு. காவலுக்குச் சுற்றுகிற சாமி, எதிலாவது ஏறிப் போகட்டும் என்றுதான். ஆனால் வாக்கு வாக்குத்தான். எதைச் சொல்லி வேண்டினோமோ அதைத்தான் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் சாமி ஏறமாட்டார்.

நான் ஈரப்புடவையோடு நின்று சொன்னேன்: "அய்யனாரப்பா, அந்த எடத்துலேர்ந்து எந்த வண்டி எம் புருஷன உசுரோட வெளிய கொண்டாருதோ, அந்த வண்டிய ஒனக்குச் செஞ்சு வெக்கிறேன்."

இவர் உயிரோடு வந்துவிட்டார். வலது கையில் எண்ணெய் பட்டு வெந்த தழும்பு, பாதி எடை. முதல் வேலையாகக் கேட்டேன். "எந்த வண்டிங்க ஒங்கள அங்கேர்ந்து கொண்டாந்துச்சு? சாமிக்குச் செய்யணும்."

கையிலிருந்த தழும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, "ப்ளேன்" என்றார்.

சரி, ப்ளேன். ஆசை ஆசையாகச் சிமெண்டில் ப்ளேன் செய்து வைத்தேன். 'தானே' புயலில் ஒரு இறக்கை போயிற்று. ஒட்ட வைத்தேன். அடுத்த பெருவெள்ளத்தில் வால் போயிற்று. கட்டினேன். ஒரு வருஷம் ஒன்றுமே இல்லாத நாளில் ஆடு மோதி மூக்கு உடைந்தது. பக்கத்தில் ஷேர் ஆட்டோ கல்லு மாதிரி நிற்கிறது. எங்கள் ப்ளேன் மட்டும் வருஷா வருஷம் ஆஸ்பத்திரிக் கேசு. பூசாரி பக்கிரி ஒருநாள் சொல்லியே விட்டார். "சாமி ஏறலம்மா. வாக்குல ஏதோ கோளாறு."

இந்த வருஷம் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். திருப்பணிக் குழுத் தலைவர் யார்? அதே அன்பரசு மாமாதான். இப்போது ஊரில் பெரிய மனுஷன். உடைந்த வாகனங்களை எல்லாம் அவரவர் புதிதாகச் செய்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் திருவதிகையிலிருந்து சிற்பி வைத்திலிங்கத்தை வரவழைத்தேன். இந்தத் தடவை உள்ளே கம்பி போட்டு, ஜென்மத்துக்கும் உடையாத ப்ளேன் கட்டவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ப்ளேன் வேணாம்."

திரும்பிப் பார்த்தேன். இவர்தான்.

"ப்ளேன் இல்ல எழிலு. ராணுவ வண்டி. டச்சுக்காரன் வண்டி."

"யோவ்!" என்றேன். கட்டின புருஷனை நான் யோவ் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். "எனக்குப் பொய் சொன்னா சரி, பொண்டாட்டி, போவுதுன்னு வுடுவேன். சாமிக்கே பொய் சொல்லியிருக்க. இத்தினி வருஷமா நானு றெக்கைய ஒட்ட வெச்சினு கெடக்குறேன். பாத்துனு நிக்கிறியே, நீ மனுஷனா?"

தலையைக் குனிந்துகொண்டார். கத்திக் கத்தி எனக்குத்தான் தொண்டை கட்டிக்கொண்டது.

அந்த வண்டிக்குப் பெயர் புஷ்மாஸ்டர். காயத்ரி தன் போனில் படத்தைத் தேடி எடுத்து வைத்திலிங்கத்திடம் காட்டினாள். நாலு பெரிய சக்கரம், நெஞ்சு உயரம். சின்னச் சின்ன ஜன்னல், செங்கல் கனத்துக்குக் கண்ணாடி. கூரையில் ஒரு துப்பாக்கி. பின்னால் ஒரே கதவு. வைத்திலிங்கம் நல்ல கைக்காரர்தான். ஆனால் பழக்கதோஷம், முகப்பில் எலுமிச்சம்பழ மாலையும் மிளகாயும் செதுக்கிவிட்டார். உள்ளே மீசை முறுக்கின டிரைவர் வேறு. நான் ஒன்றும் சொல்லவில்லை. எந்த நாட்டு வண்டியானால் என்ன, எங்கள் ஊருக்கு வந்தால் திருஷ்டி கழித்துத்தான் ஆகவேண்டும்.

எங்கள் ஆள் தகராறு பண்ணியது அடிப்பக்கத்துக்கு. வைத்திலிங்கம் வண்டியை மேடையோடு சேர்த்து, அடி தட்டையாகக் கட்டியிருந்தார்.

"இப்டி இல்ல. இடிச்சிடுங்க" என்றார் இவர்.

"அடில யாருங்க குனிஞ்சு பாக்கப் போறாங்க?"

"படகு மாதிரி இருக்கணும். நடுவுல கூரா எறங்கி ரெண்டு பக்கமும் சரிஞ்சு ஏறணும். மேடையில ஒட்டக் கூடாது. சக்கரத்து மேல நிக்கணும்."

"ஏன் மாஸ்டர்?"

"கண்ணிவெடி அடில வெடிச்சா, வெடி ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போயிரும். உள்ள இருக்கிறவன் பொழைப்பான்." கட்டிவைத்த தட்டை அடியைத் தட்டிக் காட்டிச் சொன்னார். "அடி தட்டையா இருந்தா பொழைக்க மாட்டான்."

அவர் சொன்ன விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். "யாரு பொழைக்கல?" என்றேன்.

அன்றைக்குத்தான் அந்த வாய் திறந்தது.

ஆரோக்கியராஜ். கடலூர், செம்மண்டலம். இவரோடு ஒன்றாக அன்பரசு மாமா ஏற்றி அனுப்பிய ஆள். இரண்டு பேரும் ஒரே கூடாரம், ஒரே அடுப்பு. ஒருநாள் தள்ளியிருந்த சின்ன முகாமுக்குப் போய்ச் சமையற்கூடம் போட வேண்டும் என்று கிளம்பச் சொன்னார்கள். முன்னால் ராணுவ வண்டிகள். கடைசியில் கேட்டரிங் கம்பெனியின் சொந்த லாரி, சாமான் ஏற்றியது, சாதாரண லாரி. இரண்டு பேருக்கும் லாரியில்தான் இடம். கிளம்புகிற நேரத்தில் இவர் கை வெந்து கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்து, ராணுவத்து மருத்துவச் சிப்பாய் ஒருவன் கூப்பிட்டு புஷ்மாஸ்டரில் உட்கார வைத்தான்.

"உள்ள ரெண்டு பக்கமும் பெஞ்சு எழிலு. எம் பக்கத்துல ஒரு எடம் காலி. அந்தச் சிப்பாய்கிட்ட கேட்டேன், சரின்னுட்டான். நானு எறங்கிப் போயி ஆரோக்கியராஜ கூப்ட்டேன். கம்பெனி சூப்பர்வைசர் வுடல. சாமானுக்கு யாரு காவலுன்னான். கிழங்கு மூட்டைக்குக் காவலு."

வழியில் எங்கள் ஆள் வந்த வண்டியின் சக்கரம் ஒரு கண்ணிவெடியில் ஏறியது. வண்டி துள்ளி விழுந்தது, சக்கரம் பிய்ந்து போனது, உள்ளே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இவர் உயிரோடு வெளியே வந்தது அந்த வண்டியிலிருந்துதான். இறங்கி நிற்கும்போது பின்னால் வந்த லாரி ஒதுங்கப் பார்த்து இன்னொரு வெடியில் ஏறியது. அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் என்னைக் கேட்காதே என்றார். நானும் கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு, அவரு சம்சாரத்துக்கு, தெரியுமா?"

"துபாய்ல ரோடு ஆக்சிடெண்டுன்னு மாமா சொல்லிட்டாரு."

அழுகை வந்தது எனக்கு, அதை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில் அவர் போனைப் பிடுங்கினேன். ஆரோக்கியராஜ் மனைவி பெயர் ரேகா. புருஷன் போனபிறகு படித்து, செம்மண்டலத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள் என்று லால்பேட்டைக்காரர் மூலம் நம்பர் பிடித்தேன். "கும்பாபிஷேகத்துக்கு வாம்மா. ஒனக்கு ஒன்னு காட்டணும். எம் புருஷன் ஒங்கிட்ட ஒன்னு சொல்லணும்" என்றேன். இவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "சொல்லணும். இல்லேன்னா நீ அந்த வண்டி பக்கமே வரக் கூடாது" என்றேன்.

வண்டி எழும்பியதைப் பார்த்தார் அன்பரசு மாமா. "கோயில்ல ராணுவ வண்டி எதுக்கு? போலீஸ் வந்து கேக்கும். ஊருக்குக் கெட்ட பேரு" என்று குழுவைக் கூட்டினார். அய்யனாரே அரிவாளோடு நிற்கிற ஆள், காவல் வீரன்கள் கையில் நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது, அதற்கெல்லாம் வராத போலீஸ் இதற்கு வருமாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி பக்கிரி சரி என்கிறார், தலைவர்தான் மாட்டேன் என்கிறார்.

"போலீசுக்கா பயப்படுற மாமா? நெசமா சொல்லு" என்று கூட்டத்திலேயே கேட்டேன். கூட்டத்தைக் கலைத்துவிட்டார். ஆனால் கும்பாபிஷேகத்தன்று காலையில் போய்ப் பார்த்தால், எங்கள் வண்டியை மட்டும் தார்ப்பாய் போட்டுச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் வேறு என்ன செய்வார்?

ரேகா வந்துவிட்டாள். காட்டன் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. கூட்டத்தில் ஓரமாக நின்றாள். இவரைப் பார்த்ததும் "அண்ணே" என்றாள். ஆரோக்கியராஜ் அடக்கத்துக்கு இவர் போயிருந்தபோது பார்த்ததுதானாம். இவர் மெல்ல என் பின்னால் ஒதுங்கினார்.

கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றி முடிந்தது. இனி வாகனங்களுக்குக் கண் திறக்க வேண்டும். குதிரைக்குக் கண்ணில் மை இடுவார்கள், வண்டி என்றால் முன்விளக்கில். எங்கள் வண்டிக்கு முன்னால் வந்ததும் மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"இது அப்புறம் பாத்துக்கலாம்."

திருஷ்டிப் பூசணிக்காய் பக்கத்தில் கத்தி இருந்தது. எடுத்துக் கயிற்றை அறுத்தேன். "எழிலு, வேணாம்!" என்று மாமா என் கையைப் பிடிக்க வந்தார். "தொடு பாக்கலாம்" என்றேன். தொடவில்லை. தார்ப்பாய் சரிந்து விழுந்தது.

ரேகா அந்த வண்டியையே பார்த்தாள். எங்கள் வீட்டுக்காரர் அவள் முன்னால் போய் நின்றார். பிறகு சொன்னார், எல்லார் காதிலும் விழும்படி. ஆப்கானிஸ்தான், முகாம், லாரி, கிழங்கு மூட்டை, காலியாக இருந்த இடம், வண்டிக்குச் சரிவான அடி, லாரிக்குத் தட்டை அடி, ஒன்றையும் விடவில்லை. பரோட்டாக் கல்லில் மாவடித்த பிறகு அந்த மனுஷனிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

ரேகா அன்பரசு மாமா பக்கம் திரும்பினாள். "சார், துபாய்ல ஆக்சிடெண்டுன்னு எங்க வீட்டுக் கூடத்துல ஒக்காந்து சொன்னீங்க. இந்த வண்டி துபாய்ல எந்த ரோட்ல ஓடுது?"

"எனக்கு என்னம்மா தெரியும்? கம்பெனிக்காரன் சொன்னத நானு சொன்னேன்."

"பொய்" என்றார் இவர். "போன் லைன் வந்த அன்னைக்கே ஒங்களுக்குப் போட்டுச் சொன்னேன் மாமா. நீங்கதான் வாயத் தொறந்தா பொட்டி வராது, ஒடம்ப அங்கியே பொதைச்சிடுவாங்கன்னீங்க. அதனாலதான் சும்மா இருந்தேன்."

கூட்டத்தில் யாரோ "அடப்பாவி" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நம் ஆள் கடைசியில் கடித்துவிட்டார் என்று நினைத்தேன். மாமா முகத்தில் ஈயாடவில்லை. அத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

ரேகா இவர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"பொட்டி வந்துடுச்சே அண்ணே. அடக்கத்துக்கு நீங்களுந்தான நின்னீங்க. பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் ஏன் சொல்லல?"

இந்த ஊரே சாது, தங்கம் என்று புகழ்ந்த வாய் அங்கே சும்மா திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

ரேகா குனிந்தாள். புடவை மண்ணில் புரள, வண்டிக்கு அடியில் கையை விட்டு, அந்தச் சரிவைத் தடவிப் பார்த்தாள். ஒரு பக்கம் தடவினாள், மறு பக்கம் தடவினாள். எழுந்து, கையில் ஒட்டிய சிமெண்டைத் தட்டிவிட்டு, வைத்திலிங்கத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இதுக்குப் பின்னால எடம் இருக்குங்களா?"

"இருக்கும்மா. எதுக்கு?"

"ஒரு லாரி வெக்கணும். எங்க வீட்டுக்காரரு வந்தது. அடிய தட்டையாவே கட்டுங்க. எல்லாரும் குனிஞ்சு பாக்கட்டும்."

"கிறிஸ்தவங்க நேர்ச்ச எப்டி நம்ம கோயில்ல..." என்று மாமா ஆரம்பித்தார். பூசாரி பக்கிரி அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வைத்திலிங்கம் கயிற்றை எடுத்து இடத்தை அளக்கப் போனார். எங்கள் வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தழும்பு விழுந்த கையால் மண்வெட்டியை எடுத்து, பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்.